அடுத்து ஆம்ப்ளிஃபயர்

லாரி கம்பெனியிலிருந்து வந்தபோதே டேஷ்போர்டில் ஒரு ரேடியோ இருந்தது. ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று, உள்ளங்கை அகலம். இஞ்சின் ஓடினால் அதில் செய்தி வாசிக்கிறார்களா, யாராவது இருமுகிறார்களா என்று தெரியாது. டிரைவர் பிலவேந்திரன் ஒரு வருஷம் பொறுத்துக்கொண்டு நெல் ஏற்றினான். பிறகு திட்டம் போட்டான்.

"மொதல்ல ஸ்பீக்கர். கதவுக்கு ஒண்ணு," என்று கிளீனர் தருமனிடம் சொன்னான். "அப்புறம் ரேடியோவ கயட்டிட்டு கேசட் செட்டு. கடைசியா ஆம்ப்ளிஃபயர்."

"செட்ட மொதல்ல வெச்சா இன்னா டிரைவரே?"

"இந்த ஸ்பீக்கர்ல எத வெச்சாலும் தகர டப்பாதாண்ணே."

தருமன் அவனைவிடப் பத்து வயது மூத்தவன். "உன் வூட்டுக் கூரைக்கு இவ்ளோ ரோசன பண்ணியா நீ?" என்றான்.

முதலாளி பச்சையப்பனுக்கு ஆரணியில் ரைஸ் மில். அவர் எதையும் தடுக்கவில்லை. பிலவேந்திரன் வேலையை விடுவதாகப் பேச்செடுத்தால், "அடுத்து இன்னாடா மாட்டப்போற?" என்று கேட்பார். அவனும் சொல்ல ஆரம்பித்துவிடுவான். சொல்லி முடிக்கையில் முதல் பேச்சு காணாமல் போயிருக்கும். மாட்டியதெல்லாம் அவன் கைக்காசு. ஆனால் லாரியில் முடுக்கியது லாரியோடு போச்சு. விலகும் டிரைவர் கழற்றிக்கொண்டு போகிற வழக்கம் எந்த மில்லிலும் இல்லை.

எண்பத்து நாலில் வேலூருக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. அரசு பஸ் டிரைவர் வேலை. காலை பத்து மணிக்கு ஓட்டிக் காட்ட வேண்டும். அவனுக்கு வயது வரம்பு அந்த வருஷத்தோடு சரி. பச்சையப்பனிடம் லீவு கேட்டான்.

"தாராளமா போய்ட்டு வா. மொத நாளு தேவிகாபுரம் லோட மட்டும் எட்த்தாந்து போட்ரு."

தேவிகாபுரத்தில் மூட்டை வந்து சேரவே இருட்டிவிட்டது. காத்திருந்த நேரமெல்லாம் புது கேசட் செட்டு பாடியது. களத்து ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து கேட்டார்கள். பிலவேந்திரன் சத்தத்தைக் கூட்டி வைத்தான். லோடு ஏறி முடிய நடுராத்திரி ஆனதால் பிலவேந்திரனும் தருமனும் அங்கேயே படுத்துவிட்டார்கள்.

விடிந்ததும் சாவியைத் திருப்பினான். ஸ்டார்ட்டர் ஒருமுறை முனகிவிட்டு அடங்கியது.

உடனே புரிந்துவிட்டது. லாரிக்குப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இரண்டு. இரண்டும் சேர்ந்தால்தான் இஞ்சின் எழும்பும். செட்டுக்குப் பன்னிரண்டே போதும் என்று ஒரு பேட்டரியில் மட்டும் ஒயரைக் கொடுத்திருந்தான். அந்த ஒன்று பாடியே செத்திருந்தது.

ஆரணி பஸ் வந்தது. தருமன் கை காட்டி நிறுத்தினான்.

"நீ ஏறு. நான் இங்கியே குந்திகினு கீறேன்."

"செட்டு?"

"அத எவனாவது தூக்கினு போனா என்னையும் சேத்துத் தூக்கினு போவட்டும். ஏறு டிரைவரே."

பிலவேந்திரன் படியில் ஒரு காலை வைத்தான். "ஜல்தி ஏறுப்பா," என்றார் கண்டக்டர்.

அவன் போய்விட்டால், வண்டியைக் கிளப்ப மில் எலக்ட்ரீஷியன் வருவான். ஒயரைப் பார்த்ததும் எல்லாவற்றையும் பிய்த்துப் போடுவான். பஸ் வேலை கிடைத்தால் அந்தச் செட்டு எப்படியும் பிலவேந்திரனுடையது இல்லை. அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் காலைக் கீழே வைத்தான்.

"இத சரி பண்ணிட்டு அடுத்த பஸ்ல வரேன். நீங்க போங்க."

அடுத்த பஸ்ஸில் போனால் வேலூருக்குப் பத்து மணிக்குப் போக முடியாது. தருமன் பீடி பற்றவைத்தான்.

டிராக்டர் ஒன்றைப் பிடித்து, கயிறு கட்டி இழுத்துக் கிளப்பினார்கள். மில்லுக்கு வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். பச்சையப்பன் வாசலில் நின்றிருந்தார்.

"வேலூர் போவல?"

"வண்டி நின்னுபோச்சுங்க."

பச்சையப்பன் பேட்டரிப் பெட்டியைத் திறந்து பார்த்தார். "ஒத்த பேட்டரில ஒயர இழுத்துகிறியே. செட்டு வெக்கிறவன் எல்லாம் இதத்தான் பண்றான்." குரலில் கோபமே இல்லை. "ரெண்டுலயும் சமமா இழுக்க மெட்ராஸ்ல இதுக்குன்னே ஒரு பெட்டி விக்கிது. நானே வாங்கியாறேன். வேலூரு கெடக்குது வுடு. அந்த ஆம்ப்ளிஃபயர எங்க வெக்கப்போற?"

பிலவேந்திரன் பதில் சொல்லக்கூடாது என்றுதான் நின்றான். மூட்டை இறக்குகிறவர்கள் ஒருமுறை போய்த் திரும்பி வந்தார்கள். முதலாளி அவசரப்படவில்லை.

"சீட்டுக்குப் பின்னாடிங்க," என்றான். "படுக்கிற பலகைக்குக் கீய ஒரு சாண் எடம் கீது."