கொக்கி எழுதிய நாவல்

காற்று தூக்கி அடித்தால் கிரேன் ஓடக் கூடாது. சுமையை இறக்கி வைத்துவிட்டு, அது அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கீழே மேஸ்திரி வானத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். மேலே, குளியலறை அளவுகூட இல்லாத கண்ணாடிக் கூண்டுக்குள், கிரேன்காரர் போனை எடுத்தார். கிரீஸ் ஒட்டிய கட்டைவிரலைத் தொடையில் தேய்த்துக்கொண்டு, காலையில் எழுதி நிறுத்திய இடத்தைத் தேடிப் பிடித்தார். ‘அவன் ஏணியில் இறங்கினான்’ என்று இருந்தது. அதற்குமேல் அவன் இறங்க மாட்டேன் என்றான்.

கூண்டுக்குள் போன் கூடாது என்று கதவில் ஒட்டியிருந்தது. கொக்கியில் சுமை தொங்கும்போது தொடுவதில்லை என்று தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, அந்தத் தாளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

ஒரே மாதத்தில் ஒரு நாவல். இணையத்தில் ஒரு குழு நடத்தும் போட்டி. பரிசு கிரிசு ஒன்றும் கிடையாது. எழுத எழுத ஏற்ற வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பட்டை நீளும். யார் என்ன எழுதுகிறார்கள் என்பது மற்றவர்களுக்குத் தெரியாது, பட்டை மட்டும் தெரியும். மாதம் முடிவதற்குள் பட்டையை நிரப்பியவர்களை நூலக அரங்குக்கு அழைத்து ஆளுக்கு ஒரு பக்கம் வாசிக்கச் சொல்வார்கள். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுச் சாரம் கட்டப் போன ஆளுக்கு அதில் என்ன வேலை என்று யாராவது கேட்டிருந்தால் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. மகள் சேர்ந்திருந்தாள்.

மகளும் அவள் அம்மாவும் வீட்டைவிட்டுப் போய் வருடங்கள் ஆகிவிட்டன. இதே ஊரின் மறுகோடியில்தான் இருந்தார்கள். காற்றில்லாத நாளில் கிரேன் உச்சியிலிருந்து அந்தப் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டி கண்ணுக்குத் தெரியும். ஆனால் மகள் போனை எடுக்க மாட்டாள். ஆரம்பத்தில் மணியடித்து நிற்கும். பிறகு மணியும் அடிப்பதில்லை. அடித்தார், குடித்தார் என்று அவர்மேல் ஒரு குற்றமும் கிடையாது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர், அவ்வளவுதான். கான்கிரீட் போட ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது. பழையதும் புதியதும் ஒட்டாமல் அந்த இடத்தில் தளம் விண்டுபோகும். அதனால் பள்ளி விழாவுக்கு வரவில்லை, ஆஸ்பத்திரிக்கு வரவில்லை, கடைசியில் அவர்கள் பெட்டி கட்டிக்கொண்டு போன அன்றும் மாடியில் ஒரு தளம் பாதியில் இருந்தது.

யாரோ போனில் அனுப்பிய போட்டிப் பட்டியலில் மகளின் படத்தைப் பார்த்ததும், யோசிக்காமல் ‘கொக்கி’ என்று பெயர் கொடுத்துச் சேர்ந்துவிட்டார். தினமும் எழுந்ததும் முதலில் பார்ப்பது அவளுடைய பட்டையைத்தான். நீண்டிருந்தால் பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். ஒருமுறை அவருடைய பட்டை நகராமல் கிடந்தபோது, குழுவில் அவளே எழுதினாள்: ‘கொக்கி அண்ணே, விட்றாதீங்க. பாதி தாண்டிட்டீங்க.’ அண்ணே. அவர் அதைப் படித்துவிட்டுக் கூண்டுக்குள் தனியாகச் சிரித்தார். அப்புறம் கண்ணில் தூசி என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டார்.

அவர் எழுதியது பெரிய கதை ஒன்றும் இல்லை. ஒரு கிரேன்காரன். பள்ளி வாசலில் காத்திருக்கும் ஒரு பிள்ளை. அவன் கான்கிரீட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஏணியில் இறங்குகிறான். நாவல் முழுக்க இறங்குகிறான். ஒவ்வொரு படியிலும் ஒரு ஞாபகம், எல்லாம் அவருடையதே. மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, கட்டில்மேல் நின்று நூலில் டம்ளரைக் கட்டித் தொங்கவிட்டு அவர் கிரேன் ஓட்டுவார். அவள் தரையில் நின்று கையால் சைகை காட்டுவாள். கட்டைவிரல் மேலே என்றால் தூக்கு. கீழே என்றால் இறக்கு. இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துப் பிடித்தால், எல்லாவற்றையும் அப்படியே நிறுத்து. “இது யாரு காட்டினாலும் நிறுத்தணும்டா கண்ணு. மேஸ்திரி காட்டினாலும் சரி, வழியில போறவன் காட்டினாலும் சரி. ஏன், எதுக்குன்னு கேக்கக் கூடாது” என்று சொல்லிக் கொடுத்திருந்தார். அவள் வேண்டுமென்றே சோற்றுக்கு நடுவில், குளிக்கப் போகும்போது, அம்மா திட்டும்போதெல்லாம் கைகோத்துக் காட்டுவாள். அவர் வாயில் பாதிக் கவளத்தோடு சிலையாக நிற்பார். இதையெல்லாம் எழுதும்போது அவருக்கு வார்த்தைக்குத் தட்டுப்பாடு இருக்கவில்லை. கடைசியில் அவன் தரையில் கால் வைக்கிற இடம்தான் வர மாட்டேன் என்றது. அவருக்கே பழக்கமில்லாத இடம்.

கடைசி நாள் வந்தது. பட்டையில் ஒரு விரல் அகலம் பாக்கி. மதியம் அரைநாள் விடுப்புச் சொல்லியிருந்தார். காலையிலேயே கான்கிரீட் பம்பு அடைத்துக்கொண்டது. இனி தளம் முழுவதையும் கிரேனில் பக்கெட் பக்கெட்டாகத்தான் போட்டாக வேண்டும்.

கீழே நின்று சைகை காட்டுகிறவனுக்குச் சுருட்டை என்று பெயர். தலைக்கவசத்துக்குள் அடங்காத முடி. வாக்கிடாக்கியில் கூப்பிட்டான். “அண்ணே, உங்க அரைநாளு அம்பேல். பொழுது சாயிற வரைக்கும் நம்ம கல்யாணம்தான்.”

அவர் போனில் அந்த ஒரு விரல் அகலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னண்ணே, மூச்சையே காணோம்.”

“இன்னிக்குள்ள ஒண்ணு முடிக்கணும்டா.”

“என்ன?”

வேறு யாரிடமும் சொல்லாததை, ஏனோ அந்தச் சனியன் பிடித்த பெட்டியில் சொன்னார். எல்லோருடைய இடுப்பிலும் அதே அலைவரிசைதான் ஓடிக்கொண்டிருந்தது என்பது சொல்லி முடித்தபிறகுதான் உறைத்தது. பெட்டி கரகரத்தது. பிறகு ஸ்டோர் அக்காவின் குரல் வந்தது. அவள் சரக்கறையில் உட்கார்ந்து ஆணிக்கும் கையுறைக்கும் காவல் காப்பவள்.

“எனக்கு டைப் அடிக்க வரும். நீங்க சொல்லுங்க, நான் ஏத்துறேன். பேரு என்ன, பாஸ்வேர்டு என்ன?”

“பேரு கொக்கி.” வாக்கிடாக்கியை வாய்க்கு நெருக்கினார். “பாஸ்வேர்டு... குட்டிமா.”

யாரும் சிரிக்கவில்லை. கம்பி கட்டுகிறவர்கள்கூட.

பக்கெட் கீழே நிரம்புகிற நேரம் அவருடையது. மேலே வருகிற நேரம் கான்கிரீட்டுடையது. நிரம்பும்போது சொன்னார், தூக்கும்போது வாயை மூடிக்கொண்டார். “அவன் கால் நடுங்கிச்சு. ஏணியில இன்னும் கொஞ்சம்தான் இருக்கு... சரி சுருட்டை, தூக்குறேன்.” திரும்பவும் பக்கெட் இறங்கும்வரை மொத்தத் தளமும் காத்திருந்தது. எஞ்சினியர் நடுவில் புகுந்தார். “யாருப்பா அது, சேனல்ல கதை பேசறது?”

“நாவல் சார்” என்றான் சுருட்டை.

அடுத்த பக்கெட்டுக்கு லாரி வரத் தாமதமானபோது எஞ்சினியர்தான் கேட்டார். “அந்த ஆளு இறங்கினானா இல்லையா?”

“இறங்கிட்டான் சார்” என்றார் கிரேன்காரர். “பள்ளிக்கூட வாசலுக்குப் போயிட்டான். கேட்டு இன்னும் பூட்டல. பிள்ளை பையை மாட்டிக்கிட்டு நிக்குது. ‘அப்பா வந்துட்டேன்’னு சொல்றான். அக்கா, அங்க முற்றுப்புள்ளி வெச்சிடுங்க.”

“பட்டை நிரம்ப இன்னும் அஞ்சு வார்த்தை குறையுதாமே” என்றாள் ஸ்டோர் அக்கா. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அவர் யோசித்தார். “பிள்ளை ஒண்ணும் சொல்லல. கையைப் பிடிச்சுக்குச்சு.”

தளத்தில் யாரோ தகரத்தைத் தட்டினார்கள். மண்வெட்டிகள் கம்பியில் மோதின. சுருட்டை இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினான். அந்தச் சைகைக்கு எந்தச் சுமையையும் தூக்க வேண்டியிருக்கவில்லை.

நூலக அரங்குக்குக் கிரேன்காரர் எல்லோருக்கும் முன்னால் போய்விட்டார். நகக்கண்ணை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் கருப்பு போகவில்லை. கடைசி வரிசையில், தூண் மறைவில் உட்கார்ந்தார். ‘அப்பா வந்துட்டேன்’ என்று எழுதியிருந்த பக்கம் நான்காக மடிந்து சட்டைப் பையில் இருந்தது. பெயர் கூப்பிட்டதும் எழுந்து முன்னால் போக வேண்டும். மகள் பார்ப்பாள். அதற்குமேல் என்ன என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை. வந்திருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரிய வேண்டும். ஒரே ஒரு முறை.

மகளைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். உயரமாகிவிட்டாள். அம்மாவின் நடை. ஒலிபெருக்கியைத் தன் வாய்க்குத் தாழ்த்திக்கொண்டு படித்தாள்.

“என் அப்பா கிரேனிலிருந்து விழுந்து இறந்தபோது நான் பள்ளி வாசலில் காத்திருந்தேன். எங்களிடம் வருவதற்குத்தான் அவ்வளவு அவசரமாக இறங்கினார் என்று எல்லோரும் சொன்னார்கள்.”

அவர் கை சட்டைப் பையிலிருந்த தாளின்மேல் போனது. அவள் படித்துக்கொண்டே போனாள். நூலில் கட்டிய டம்ளர் வந்தது. கிரீஸ் வாசனை வந்தது. பாதிக் கவளத்தோடு சிலையாக நின்றது வந்தது. ஒன்றையும் விடவில்லை. எல்லாமே பத்திரமாக இருந்தது, அவர் செத்திருந்தார்.

பக்கத்து இருக்கைப் பெண்மணி கண்ணை ஒற்றிக்கொண்டு அவர் பக்கம் சாய்ந்தாள். “உண்மைக் கதைங்க. வாராவாரம் நேர்ல கூடுவோம்ல, அங்க எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கா. சின்ன வயசுலயே அப்பாவை வாரிக் குடுத்துட்டா. பாவம்.”

“ஆமாங்க” என்றார் அவர். “பாவம்.”

கைதட்டல் ஓய்ந்ததும், நிகழ்ச்சியை நடத்திய அம்மா மகளின் தோளில் கை வைத்துக் கேட்டாள். “அப்பா இருந்திருந்தா இன்னிக்கு எவ்வளவு பெருமைப்பட்டிருப்பார் இல்லம்மா?”

மகள் சிரித்தாள். “இருந்திருந்தா வந்திருக்க மாட்டார் மேடம். கான்கிரீட் போட்டுக்கிட்டிருப்பார்.” அரங்கில் சிலர் மெல்லச் சிரித்தார்கள். அவளும் கூடச் சிரித்தாள். பிறகு சிரிப்பு அவளிடமிருந்து வழுக்கிப் போனது. “இப்ப பரவாயில்ல. செத்தவங்க வரலைன்னா கோவம் வராது.”

மேடையில் வாசித்தவர்களுக்குப் போட்டிருந்த நாற்காலிக்குப் போக அவள் திரும்பினாள். அந்த அம்மா தாளைப் பார்த்தாள்.

“அடுத்து, நம்ம குழுவோட புதிர். கொக்கி. இவர் யாருன்னே யாருக்கும் தெரியாது. வாங்க சார்.”

“கொக்கி அண்ணனா?” என்று மகள் ஆசையாகக் கூட்டத்தைத் தேடினாள்.

அவர் எழுந்துவிட்டார். யோசித்து எழவில்லை, மாதம் முழுக்க அந்த ஒரு எழலைத்தான் மனதுக்குள் பழகியிருந்தார், அதனால் முழங்கால் தானாக நிமிர்ந்தது. தூண் மறைவிலிருந்து அரை உடம்பு வெளியே வந்தது. வெளியே போகப் பார்க்கிறார் என்று பக்கத்துப் பெண்மணி காலை ஒதுக்கினாள். மகள் பார்த்தாள்.

அவள் முகத்தில் முதலில் வந்தது என்னவென்று அவர் தெளிவாகப் பார்த்தார். அது கோபமே இல்லை. பள்ளி வாசலில் நிற்கிற முகம். ஒரு கணம்தான். பிறகு அவள் கண் அரங்கைச் சுற்றி ஓடியது. கண்ணை ஒற்றிய பெண்மணி, தோளைத் தொட்ட அந்த அம்மா, மாதம் முழுக்க அவளுக்கு ஆறுதல் சொன்ன அத்தனை பேர். திரும்ப அவரிடம் வந்து நின்றது. அவளுடைய இரண்டு கையும் மெதுவாக உயர்ந்து, வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டன. விரலுக்குள் விரல், அவர் சொல்லிக் கொடுத்தபடி, இறுக்கமாக.

அவர் உட்கார்ந்தார்.

“கொக்கி வரலையா? கொக்கி சார்?” அந்த அம்மா கண்ணுக்குமேல் கை வைத்துக் கடைசி வரிசைவரை தேடினாள். பக்கத்துப் பெண்மணியும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். “வரேன்னு சொல்லிட்டு வராம போயிடறாங்க பாருங்க” என்றாள் அவரிடம்.

அவர் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் தாள் விறைப்பாகக் குத்தியது. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். வேறு யாரோ எழுந்து போய்த் தொண்டையைச் செருமிப் படிக்க ஆரம்பித்தார்கள். நாற்காலிகள் கிரீச்சிட்டன.

நிமிர்ந்து பார்த்தபோது மகள் மேடையோரத்தில் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் காலி நாற்காலி இருந்தது. உட்காரவில்லை. கோத்த கை வயிற்றுக்கு முன்னால் அப்படியே இருந்தது, விரல்முட்டு வெளுத்துப்போய். அவர் கண்ணை எடுக்காமல், அந்தக் கையையே பார்த்துக்கொண்டு, அசையாமல் இருந்தார்.