திராட்சை ரொட்டிக்குள் ஒரு மோதிரம்

மலாக்கி கில்ஹூலியை நான் பதினோரு வருடம் வாய் ஓயாமல் திட்டியவள். முகத்துக்கு நேராகவும் திட்டியிருக்கிறேன், முதுகுக்குப் பின்னாலும் திட்டியிருக்கிறேன். இன்றைக்கு அவனைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னால் எனக்குப் பொறுக்காது. எழுபத்தொன்றாம் வருடத்து ஹாலோவீன் அன்று, செத்தவர்கள் நடமாடுவார்கள் என்று சொல்லும் அக்டோபர் கடைசி இரவில், எங்கள் சாப்பாட்டு மேசையில் நடந்ததுதான் காரணம்.

என் கணவர் லோர்கனுக்கு அயர்லாந்தின் லீட்ரிமில் ஏரிச் சாலையை ஒட்டி ஒரு மளிகைக்கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. லோர்கனின் தங்கை நோரீன் எங்களோடுதான் இருந்தாள். முப்பத்தெட்டு வயது, பால் பண்ணை அலுவலகத்தில் வேலை, யாருக்கும் அடங்காத வாய். பக்கத்துப் பண்ணைக்காரன் மலாக்கி அவளைவிட ஐந்து வயது மூத்தவன். பதினோரு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் இருவரும் ஏரி வரை நடந்து போவார்கள், திரும்பி வருவார்கள். ஊரே பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன நடை அது. கல்யாணம் என்ற சொல் மட்டும் மலாக்கியின் வாயிலிருந்து வரவில்லை.

சகுனம் பார்க்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் உண்டு. ஆனால் மலாக்கி அளவுக்குக் கிடையாது. ஒற்றை மேக்பை பறவையைக் கண்டால் தொப்பியைத் தூக்கி வணக்கம் வைப்பான். சந்தைக்குக் கிளம்பும்போது செம்பட்டை முடிக்காரி எதிரே வந்தால் வண்டியைத் திருப்பிவிடுவான். எங்கள் பள்ளிக்கூட டீச்சருக்குச் செம்பட்டை முடி. பாவம், சந்தை நாளில் இவன் வண்டி போகிறவரை அவள் தேவாலயச் சுவருக்குப் பின்னால் நின்றுகொள்வாள். ஹாலோவீன் முடிந்ததும் பிளாக்பெர்ரிப் பழத்தைத் தொடமாட்டான். பூக்கா என்கிற பேய்க்குதிரை ஊர் ஊராக ஓடி அதன்மேல் துப்பிவிட்டுப் போகுமாம்.

எரிச்சல் ஒரு பக்கம் இருக்கட்டும். அவன் தலைக்குள் இருந்த சரக்கு வேறு யாருக்கும் கிடையாது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பழைய கதைகளைச் சேகரிக்கக் கல்லூரியிலிருந்து ஒருவர் டேப் ரெக்கார்டரோடு வந்து எங்கள் சமையலறையில் இரண்டு நாள் உட்கார்ந்தார். மலாக்கி சொன்னதையே திரும்பச் சொல்லாமல் இரண்டு நாளும் பேசினான். ஹாலோவீனுக்கு டர்னிப் கிழங்கைக் குடைந்து ஏன் விளக்கு வைக்கிறோம் என்று அந்த மனிதர் கேட்டார்.

"ஜாக்னு ஒரு கஞ்சப் பய, சார். பிசாசையே ஏமாத்தினவன். செத்ததும் மேல போனான், உள்ள விடல. கீழ போனான், பிசாசும் உள்ள விடல. 'எங்க போறது, ஒரே இருட்டா இருக்கே'ன்னு நின்னான். பிசாசுக்கே மனசு கேக்கல சார், ஒரு தணலைத் தூக்கிப் போட்டுது. கையில தின்னுட்டிருந்த டர்னிப்பைக் குடைஞ்சு அதை உள்ள வெச்சுக்கிட்டான். இன்னும் நடந்துக்கிட்டுத்தான் இருக்கான்."

டீ வைக்க வந்த நான் கெட்டிலை மறந்து நின்றேன். பாத்திரம் தீய்ந்துவிட்டது. கேட்கிறவர்களை ஒரு கஞ்சனுக்காக இரங்க வைக்கத் தெரிந்தவனைச் சும்மா கிறுக்கன் என்று தள்ளிவிட முடியுமா?

அவனுடைய பயத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. அவன் அண்ணன் யூஜின் மே மாதத்தில் கல்யாணம் செய்துகொண்டான். மே ஆகாது என்று அம்மா கெஞ்சினாள். அவன் சிரித்தான். அடுத்த மே வருவதற்குள் அந்தப் பெண்ணைப் புதைத்தார்கள். பெட்டியைத் தோளில் சுமந்தவர்களில் மலாக்கியும் ஒருவன். அப்போது அவனுக்கு இருபது வயது. அதனால்தான் நோரீன் விஷயத்தில் அவன் ஒரு நல்ல அடையாளத்துக்காகக் காத்திருந்தான். அந்த அடையாளம் மோதிரம்.

ஹாலோவீன் அன்று எல்லா வீட்டிலும் பிராக் என்கிற திராட்சை ரொட்டி சுடுவோம். மாவுக்குள் ஒரு மோதிரம், ஒரு காசு, ஒரு கந்தல் துணி, ஒரு காய்ந்த பட்டாணி வைப்போம். மோதிரம் வந்தால் வருடத்துக்குள் கல்யாணம். காசு வந்தால் செல்வம், கந்தல் வந்தால் வறுமை. பட்டாணி வந்தவருக்கு அந்த வருடம் கல்யாணம் கிடையாது. பதினோரு வருடமும் மலாக்கி எங்கள் மேசையில் உட்கார்ந்து நோரீனின் துண்டையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு தடவைகூட அவளுக்கு மோதிரம் வரவில்லை.

அந்த வருடம் ஹாலோவீனுக்கு ஒரு வாரம் முன்பு நோரீன் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"அண்ணி, இதைப் பாருங்க."

"பாஸ்டனுக்கா போற?"

"கையெழுத்துப் போட்டு அனுப்பினாப் போதும். வேலை, தங்க இடம், எல்லாம் அத்தை பொண்ணு பார்த்து வெச்சுட்டா."

"மலாக்கிகிட்ட சொன்னியா?"

"சொன்னா என்ன பண்ணுவார்? வீட்டுப் பூனை எந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருக்குன்னு பார்த்துட்டு வந்து பதில் சொல்வார்." சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "நான் அவர்கூட வாழணும்னுதான் நெனச்சேன், அண்ணி. ஆனா வாய்விட்டுக் கெஞ்ச மாட்டேன். ஹாலோவீன் சாப்பாடு வரைக்கும் பாக்கறேன். மறுநாள் திருநாள், தபால் கிடையாது. செவ்வாய்க்கிழமை போட்டுடுவேன்."

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. மோதிரம் தானாக வராவிட்டால் வரவைக்க வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். மாவு பிசைவது நான், சுடுவது நான், வெட்டுவது நான். இதற்கு வானத்திலிருந்தா ஆள் வரவேண்டும்?

வட்டமான பிராக். ஐந்து பேர், ஐந்து துண்டு. மேசையில் அவரவர் உட்காரும் இடம் வருடக்கணக்காக மாறாது. நோரீன் இருக்கும் பக்கத்தில் மோதிரம். மலாக்கி பக்கத்தில் காசு, பணமில்லை என்று அவன் சாக்குச் சொல்லக் கூடாது பாருங்கள். கந்தல் லோர்கனின் பெரியப்பா பார்ட்லிக்கு. எண்பத்தொரு வயதில் இனி என்ன வறுமை அவருக்கு? எனக்கு ஒன்றும் வேண்டாம். பட்டாணியை வைக்காமல் விட்டுவிடலாம் என்றால், ஒரு வருடம் கந்தலை மறந்ததற்கே மலாக்கி குடைந்து குடைந்து கேட்டவன். அதனால் அதை லோர்கன் பக்கம் வைத்தேன். கல்யாணமாகி இருபது வருடமான மனிதரைப் பட்டாணி என்ன செய்துவிடும்! எந்தப் பக்கம் எது என்று தெரிய, வெந்த ரொட்டியின் மேலிருந்த ஒரு வெடிப்பை அடையாளம் பார்த்துக்கொண்டேன்.

மலாக்கி நான்கு மணிக்கே வந்துவிட்டான். நான் உருளைக்கிழங்கு வெந்த தண்ணீரைக் கொட்டப் பின்கதவைத் திறக்கிறேன், முற்றத்திலிருந்து அவன் குரல் கேட்கிறது.

"தண்ணி வருது, தள்ளி நில்லுங்க!"

"யாரைச் சொல்ற? முற்றத்துல ஒரு கோழிகூட இல்லையே."

"இன்னைக்கு யார் யாரோ நடமாடுவாங்க, அக்கா. சொல்லாம ஊத்திட்டீங்கன்னா அவங்க நனைஞ்சுடுவாங்க இல்ல?"

"போன வருஷம் நனைஞ்சவங்களுக்கு ஜலதோஷம் சரியாயிடுச்சாமா?" என்றாள் நோரீன் உள்ளே இருந்தபடி.

மலாக்கி கோபித்துக்கொள்ளவில்லை. கையில் ஒரு டர்னிப் விளக்கு வைத்திருந்தான். கல் மாதிரி இருக்கும் அந்தக் கிழங்கை இரண்டு நாள் குடைந்திருக்கிறான். இடுங்கின கண், கோணல் வாய், நாலு பல். ஏற்றி வைத்ததும் கோணல் வாய் அழுவதா சிரிப்பதா என்று சொல்ல முடியாத மாதிரி இருந்தது. அவ்வளவு அழகாக யார் செய்வார்கள்! கடைக்கு வந்த பெண்கள் எல்லாரும் ஜன்னலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

ஆறு மணிக்கு உட்கார்ந்தோம். வழக்கப்படி கறி கிடையாது. கீரையும் கிழங்கும் சேர்த்து மசித்து, நடுவில் குழி செய்து வெண்ணெய் ஊற்றினது. யாரும் ருசித்துச் சாப்பிட்டதாக நினைவில்லை. நோரீன் கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி நல்ல நீல உடுப்பு போட்டிருந்தாள். கடிதம் அவள் அறையில், மேசைமேல் இருந்தது.

பிராக் தட்டை நடுவில் வைத்தேன், வெடிப்பு என் பக்கம் பார்த்தபடி. எங்கள் வீட்டு வழக்கம் இது: மூத்தவர் தட்டைச் சூரியன் போகும் திசையில் மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். பிறகு அவரவர் தன் முன்னால் நிற்கும் துண்டை எடுக்க வேண்டும். எடுத்ததை மாற்றக் கூடாது. மூன்று முழுச் சுற்று என்றால் தட்டு புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். பார்ட்லி பெரியப்பா பிசகாமல் சுற்றுவார். அதை நம்பித்தான் இவ்வளவும் செய்தேன்.

ஒன்று. இரண்டாவது சுற்றைத் தொடங்கின உடனே பெரியவர் தும்மினார்.

"செல்லாது," என்றான் மலாக்கி.

"என்னடா செல்லாது?" என்றார் பெரியவர் மூக்கைத் துடைத்துக்கொண்டே.

"தும்மினா எண்ணிக்கை போச்சு, பெரியப்பா. தட்டு நின்ன இடத்துல இருந்து புதுசா மூணு சுத்துங்க."

"முதல்ல இருந்த இடத்துல வெச்சுட்டே சுத்தட்டுமே," என்றேன் நான். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

"ஐயோ, பின்னால திருப்பக் கூடாது, அக்கா! அதுக்குச் சுத்தாமயே இருக்கலாம்."

பெரியவர் மறுபடி மூன்று சுற்றினார். வெடிப்பு மலாக்கிக்கு நேராக வந்து நின்றது. சரியாக ஓர் ஆள் தள்ளி. ஒவ்வொரு துண்டும் அடுத்தவர் முன்னால் போய்விட்டது. நோரீன் முன்னால் இருப்பது என்ன என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. நான் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலில் பார்ட்லி பெரியப்பாவின் பல்லில் கிணுங்கென்றது. வாயிலிருந்து எடுத்துப் பார்த்தார். மோதிரம்.

"பொண்ணு யாருன்னு மட்டும் சொல்லிடுங்க," என்றார். "நான் போய் ஷேவ் பண்ணிட்டு வந்துடறேன்."

லோர்கன் மேசையைத் தட்டிச் சிரித்தார். அவருக்குக் காசு வந்திருந்தது. எனக்குக் கந்தல். மலாக்கி தன் துண்டை உதிர்த்துப் பார்த்தான், வெறும் திராட்சை. அப்புறம் எல்லாரும் நோரீனைப் பார்த்தோம். அவள் பிட்டுப் பார்த்தாள், நிறுத்தினாள். பட்டாணியை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"பரவாயில்ல," என்றாள். "எனக்கு அனுப்ப ஒரு கடிதம் இருக்கு. பாஸ்டனுக்கு. அங்க வேலை கெடச்சிருக்கு." எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னாள், மலாக்கியைப் பார்க்காமல். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள்.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று என் நாக்கு வரை வந்தது. மோதிரம் உனக்கு வைத்ததுதான், நான்தான் வைத்தேன் என்று. சொல்லி என்ன பயன்? நான் திருட்டுத்தனம் செய்தும்கூட விதி மோதிரத்தைத் தள்ளிவிட்டது என்றுதான் மலாக்கி எடுத்துக்கொள்வான். நானே என் கையால் காரியத்தைக் கெடுத்தேன். எனக்கு அழுகை வந்தது.

மலாக்கி அந்தப் பட்டாணியையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ரத்தம் இல்லை. பிறகு மேசைக்கு மேலே கையை நீட்டினான். பட்டாணி ஒரு தடவை நழுவியது. மறுபடி எடுத்து வாயில் போட்டு, மெல்லாமல் விழுங்கினான்.

"டேய், என்னடா பண்ற?" என்று கத்தினார் பெரியவர்.

"அதுல இருக்கற கெட்டது எதுவானாலும் என் வயித்துக்குள்ளயே கெடக்கட்டும்," என்றான் மலாக்கி. குரல் உடைந்துபோயிருந்தது. "உன்னைத் தொட வேணாம். நோரீன், போகாதே. என்னைக் கட்டிக்கோ. இனிமே நான் எதையும் பாக்க மாட்டேன். நீ எந்த நாள் சொன்னாலும் சரி. சனிக்கிழமைன்னு சொன்னாலும் சரி."

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் புதன்கிழமைதான் ராசியான நாள், சனிக்கிழமை யாரும் வைக்கமாட்டார்கள். சாமியே இல்லை என்பவன்கூட வைக்கமாட்டான். கட்டினவர்களில் ஒருவர் சீக்கிரம் போய்விடுவார் என்பார்கள். அந்த வார்த்தையை இவன் சொல்கிறான், அண்ணியின் பெட்டியைச் சுமந்தவன் சொல்கிறான். பயம் அவனை விட்டுப் போய்விடவில்லை, நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. அத்தனை பயத்தோடும் அதைச் செய்தானே! பதினோரு வருடம் நான் திட்டினதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் என்னையே குத்தியது. அவனை எழுந்து கும்பிடலாம் போலிருந்தது.

நோரீன் நின்ற இடத்திலேயே நின்றாள். மேக்பைக்கு வணக்கம் வைத்தால் கைகொட்டிச் சிரிக்கிறவள், உப்பு சிந்தினால் வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் சிந்துகிறவள். மேசையைச் சுற்றி வந்து மலாக்கியின் வாயை உள்ளங்கையால் இறுகப் பொத்தினாள்.

"சனிக்கிழமையாம்! அந்தப் பேச்சே எடுக்காதீங்க," என்றாள். "எனக்கு நீங்க ரொம்ப நாள் வேணும். புதன்கிழமை வெச்சுக்கலாம்."