சின்ன டயரும் அறுபது கிலோமீட்டரும்

காலை ஐந்தரை. கரையான்சாவடி வேன் நிறுத்தத்தில் அன்று இருந்தவர்கள்: முதலாளி ஜெகதீசன், அங்கிருந்த ஒரே நாற்காலியில். அவர் வேலையைவிட்டு நிறுத்திய டிரைவர் சம்பந்தம், வேன் படியில். டிரைவர் முகமது இஸ்மாயில், முழங்கைவரை கிரீஸோடு ஜாக்கிக்குப் பக்கத்தில். தொழிற்சாலைப் பெண்கள் பதினான்கு பேர் வேனுக்குள். அவர்களில் ஒருத்தியான, எல்லோருக்காகவும் பேசும் தாயம்மா ஜன்னலோரம். மூன்றாவது டிரைவரான நான், ஸ்டெப்னி மேல்.

ஜெகதீசன் செல்போனை நீட்டினார். "அறுபதைத் தாண்டாதேன்னேன். அறுபத்தஞ்சு போயிருக்கே, சிவப்பா கீது பாரு."

"அறுபதுல போனா லேட்டாவுது, ஃபேக்டரி கேட்டைச் சாத்திடுறான். அதுக்கும் நீங்கதானே சார் கத்துனீங்க?" என்றார் சம்பந்தம்.

"மெஷினு பொய் சொல்லுமா?"

சொல்லாது. சக்கரத்தருகே உள்ள சென்சார் சுற்றுகளை எண்ணுகிறது. வண்டியின் கம்ப்யூட்டர் அதை வேகமாக்கி, மீட்டருக்கும் முதலாளி போனுக்கும் ஒரே எண்ணை அனுப்புகிறது. டயர் பழைய அளவில்தான் இருக்கிறது என்று அது நம்புகிறது. மலிவென்று சம்பந்தத்தின் வேனுக்குச் சின்ன டயர் மாட்டிய மேதை ஜெகதீசன். சின்ன டயர் அதிகம் சுற்றும். ஐம்பத்தைந்தில் போனாலே அறுபது காட்டும். யோசிக்கும் வேலையை அவர் யாரிடமும் ஒப்படைத்ததில்லை, தானும் செய்ததில்லை.

இஸ்மாயிலின் வேனில் பழைய அளவு டயர். முதலாளிக்குக் காட்ட, நெடுஞ்சாலையில் இரண்டையும் இணையாக ஓட்டினோம். சம்பந்தத்தின் பக்கத்தில் முதலாளி, மீட்டர் அறுபது. இஸ்மாயில் வேனிலிருந்து தாயம்மா கத்தினாள்: "இங்க அம்பத்தஞ்சு! ரெண்டும் ஒட்டிக்கினுதான் போவுது!"

"காத்து கம்மியா இருக்கும்" என்றார் ஜெகதீசன். எந்தக் காற்று என்று அவருக்கே தெரியாது.

திரும்பி வந்ததும் நாற்காலி அவருக்குத் தைரியம் கொடுத்தது. "டயரு மாத்த முடியாது. சம்பந்தமும் வேணாம். நாளைக்கே புது ஆளு வருவான்."

"வரட்டும் நைனா. ஏறத்தான் ஆளு இருக்காது" என்றாள் தாயம்மா.

"கேட்டுக்கு வெளிய நிப்பீங்கடி!"

"இத்தினி நாளு உன் டயரால நின்னோம். இன்னிக்கு எங்க இஷ்டத்துக்கு நிக்கிறோம்."

பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். இஸ்மாயில் சாவியை நாற்காலியின் காலடியில் வைத்தார். நானும் வைத்தேன்.

வேன் பானெட்டில் காகிதம் விரித்து, தொழிலாளர் அதிகாரிக்கு மனு எழுதினேன். சம்பந்தத்துக்கு வேலை, வேனுக்குச் சரியான டயர். அதுவரை யாரும் ஓட்டுவதில்லை, ஏறுவதில்லை.

சம்பந்தம் எட்டிப் பார்த்தார். "இன்னாத்துக்கு மச்சான் இத்தினி 'தயவுசெய்து'?"

மூன்றைக் கோடு போட்டு அடித்தேன். ஒன்றை விட்டேன்.

எல்லோரும் கையெழுத்திட்டார்கள். உறையை ஒட்டினேன், ஓரம் தூக்காதபடி தாயம்மா உள்ளங்கையால் அழுத்தினாள். தபால் நிலையம் திறந்ததும், அந்த ஒரே உறையை அனுப்பப் பதினேழு பேரும் வரிசையில் நின்றோம்.