துயரில் வாடுவோர்

‘பிறப்பு’ என்று அடித்துவிட்டுத் தேதிக்குப் போவதற்குள் திரை அப்படியே நின்றுவிட்டது. ஜெயமேரி மௌஸை அசைத்தாள். அம்புக்குறி அப்பாவின் படத்தில் நெற்றிமேல் நின்றது, நகரவில்லை. கேப்ஸ் லாக்கைத் தட்டினாள். கீபோர்டில் பச்சை விளக்கு எரியவில்லை.

கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அப்பா ராயப்பராஜ் கிடந்தார். விடியற்காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். திண்டுக்கல் ஜங்ஷனில் டிக்கெட் கொடுத்து ஓய்வுபெற்றவர். முன்னறையை ஒழித்து ஜெயமேரிக்கு டி.டி.பி. சென்டர் வைத்துக் கொடுத்ததைத் தவிர, அண்ணன் பேச்சை மீறி அவர் எதுவும் செய்ததில்லை.

அந்த அண்ணன், செபஸ்தியான் பெரியப்பா, அறை வாசலில் வந்து நின்றார்.

“நோட்டீஸ் இன்னுமா ஆகல?”

“சிஸ்டம் தொங்கிருச்சு பெரியப்பா. வைரஸ் வந்துச்சுன்னு எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸ திரும்பப் போட்டேன். அப்பருந்தே இப்படித்தான் நின்னு நின்னு போகுது.”

“எதுக்கு இம்புட்டுப் பாடு? பஸ் ஸ்டாண்டு பக்கம் குடுத்தா செத்த நேரத்துல அடிச்சுத் தருவான்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “பேரு போடுறப்ப பாத்துப் போடு. மனைவி சகாயசெல்வி, மகள் ஜெயமேரி. அதோட நிறுத்திரு.”

“அக்கா பேரு?”

“எந்த அக்கா?”

அக்கா பிரிஸ்கில்லா, முகமது பாரூக்கைக் கட்டிக்கொண்டு வத்தலக்குண்டுக்குப் போன நாளிலிருந்து, அந்த வீட்டில் அவள் பேச்சு எடுக்கக் கூடாது என்பது பெரியப்பா வைத்த சட்டம். அப்பாவும் தலையாட்டினார். ஆனால் ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு, “மூத்தவ வந்தாளா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பெரியப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இன்று விடிந்ததும் ஜெயமேரி முதலில் போன் செய்தது வத்தலக்குண்டுக்குத்தான்.

“நானே அடிச்சுக்கிறேன் பெரியப்பா.”

“மிஷினு ஓடலைங்கிற.”

“ஓட வைக்கிறேன்.”

“சவப்பெட்டி வந்து எறங்குறதுக்குள்ள முடி. இல்லைன்னா நானே பஸ் ஸ்டாண்டு கடைக்குக் கெளம்பிருவேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூடத்தில் யாரோ செபமாலை சொல்லத் தொடங்கினார்கள். ஜெயமேரி சிபியூவின் மூடியைக் கழற்றி, சவுண்டு கார்டை உருவி எடுத்து மேசைமேல் வைத்தாள். திரும்ப ஓடவிட்டாள். இரண்டு வரி அடிப்பதற்குள் மறுபடி நின்றது. மெமரியை எடுத்துத் துடைத்து, அழுத்திச் செருகினாள். அப்போதும் நின்றது. அழுத கண் எரிந்தது. புறங்கையால் தேய்த்துக்கொண்டாள்.

துக்கம் கேட்க வந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். “அப்பன் அங்க கெடக்காரு, இவ கம்ப்யூட்டர நோண்டிக்கிட்டு இருக்கா” என்றாள் ஒருத்தி. ஜெயமேரிக்குக் கேட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்தப் போனவள், சாத்தாமலேயே திரும்பி வந்து உட்கார்ந்தாள். பார்க்கட்டும்.

அத்தியாவசியமானது மட்டும் ஓடும் சேஃப் மோடில் ஏற்றிப் பார்த்தாள். மௌஸை எவ்வளவு நேரம் ஆட்டிப் பார்த்தும் திரை நிற்கவில்லை. அப்படியென்றால் மிஷினில் கோளாறு இல்லை. விண்டோஸுக்குப் பிறகு இவள் போட்ட டிரைவர் மென்பொருள் எதுவோதான் அடம் பிடிக்கிறது. ஆனால் சேஃப் மோடில் பிரிண்டர் வேலை செய்யாது. பழைய சி.டி. கிடைக்காமல், வேறொரு கடையிலிருந்து டிஸ்ப்ளே கார்டுக்கு ஒரு டிரைவர் வாங்கிவந்து போட்டது நினைவுக்கு வந்தது. அதைத் தூக்கிவிட்டு, விண்டோஸிலேயே இருக்கும் சாதாரண டிரைவரை வைத்து வழக்கம்போல் ஏற்றினாள்.

எழுத்தெல்லாம் பூதாகரமாக வந்தது. பதினாறு நிறத்தில் அப்பாவின் முகம் திட்டுத் திட்டாக, யாரோபோல் இருந்தது. ஆனால் அம்புக்குறி நகர்ந்தது. நகர்ந்துகொண்டே இருந்தது.

‘இறைவனில் இளைப்பாறினார்’ என்று அடித்தாள். ஒவ்வொரு வரிக்கும் சேவ் செய்தாள். ‘துயரில் வாடும்’ என்பதன் கீழ் அம்மாவின் பெயர். அதன் கீழ், ‘மூத்த மகள் பிரிஸ்கில்லா, மருமகன் முகமது பாரூக்’. அதற்கும் கீழே தன் பெயர்.

பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. அம்மா நின்றுகொண்டிருந்தாள். இவ்வளவு நாளும் வீட்டில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லாதவள். திரையைக் கூர்ந்து பார்த்தாள்.

“பேத்தி பேர விட்டுட்டியே. நசீம் பானு.”

ஜெயமேரி திரும்பிப் பார்ப்பதற்குள் அம்மா கூடத்துக்குப் போய்விட்டாள்.

லேசர் பிரிண்டரிலிருந்து முதல் தாள் சூடாக வந்தது. திரையில் திட்டாகத் தெரிந்த முகம் தாளில் அப்பாவாகவே இருந்தது. தாள் கட்டுத் தீரும்வரை அச்சடித்தாள்.

கோந்து டப்பாவோடு தெருவில் இறங்கி, அவளே வாசல் சுவரில் முதல் நோட்டீஸை ஒட்டினாள். சவப்பெட்டியை வேனிலிருந்து இறக்கிக்கொண்டிருந்த பெரியப்பா வந்து படித்தார். ஓரத்தைப் பிடித்துச் சர்ரென்று கிழித்தார்.

அப்பாவின் பாதி முகம் சுவரிலேயே தங்கியது. ஜெயமேரி அதன்மேல் கோந்தைத் தடவி இன்னொன்றை ஒட்டினாள்.

“ஏத்தா, நாலு பேரு பாக்குறாங்க.”

“பாக்கத்தான் பெரியப்பா ஒட்டுறேன்.”

அவர் கை மறுபடி உயர்ந்தது. ஜெயமேரி இடுப்பில் அணைத்திருந்த நோட்டீஸ் கட்டை முன்னால் கொண்டுவந்து பிடித்தாள்.

“கிழிங்க. அம்புட்டும் ஒட்டிட்டுத்தான் உள்ள வருவேன்.”

அதற்குள் ஒரு ஆட்டோ வந்து, வாசலுக்கு வராமல் சற்றுத் தள்ளியே நின்றது. முக்காட்டோடு இறங்கியவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, வீட்டைப் பார்த்தபடி அங்கேயே நின்றாள்.

ஜெயமேரி கோந்து காயாத கையால் கேட்டின் இரண்டு கதவுகளையும் சுவர்வரை தள்ளித் திறந்துவிட்டாள்.