‘ஓம்’ என்றால் ‘நோ’

நான் ஆங்கிலம் படித்தது சீன மொழியில். இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. என் கணவர் ஸ்ரீதரன் மட்டும், “அதுதான் நீர் சொல்லுறது எனக்கு ஒண்டும் விளங்குறேல்லை” என்பார்.

சனிக்கிழமைகளில் அஜக்ஸிலிருந்து 401 நெடுஞ்சாலையில் ஊர்ந்து ஸ்காபரோவுக்குப் போகிறேன். அங்கே ஒரு பிளாசாவின் மாடியில், வீட்டில் சீனம் பேசும் ஆறு பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணமும், பந்தியை வாசித்துக் கேள்விக்குப் பதில் எழுதவும் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்குப் பொறுமை குறைவு. “நேற்றுப் போகிறேன்” என்று ஒரு பிள்ளை மூன்றாந்தரம் எழுதினால் என் குரல் கீழே கடைவரை கேட்கும். ஆனால் ஒரு பிழைக்கு மட்டும் எனக்குக் கோபம் வராது.

போன சனி அந்தப் பிழையைத்தான் யூச்சென் விட்டாள். பன்னிரண்டு வயது, இந்த நாட்டுக்கு வந்து எட்டு மாதம். “வீட்டுப்பாடம் செய்யவில்லையா?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

“யெஸ்.”

“செய்தாயா?”

“நோ.”

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. பாவம், அவள் சொன்னதில் என்ன பிழை? ஓம், செய்யவில்லை. தமிழிலும் அப்படித்தானே சொல்வோம்? கேட்டவர் சொன்னது சரியென்றால் ஓம். ஆங்கிலத்துக்குக் கேட்டவரைப் பற்றிக் கவலையே இல்லை. செய்திருந்தால் யெஸ், செய்யாவிட்டால் நோ, அவ்வளவுதான். அதைப் பலகையில் எழுதத் தொடங்கினேன். பாதியில் கை நின்றுவிட்டது. விங்யான் நினைவுக்கு வந்துவிட்டாள்.

1997இல் எனக்குப் பதின்மூன்று வயது. ஸ்காபரோவில் டோர்செட் பார்க் என்ற பகுதியில், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் பதினாலாம் மாடியில் இருந்தோம். பள்ளியில், புதிதாக வந்த பிள்ளைகளுக்கான ஆங்கில வகுப்பில் என்னைப் போட்டார்கள். அங்கே என்னைத் தவிர எல்லோரும் ஹொங்கொங் பிள்ளைகள். முதல் கிழமை நான் வாயே திறக்கவில்லை. இரண்டாம் கிழமை விங்யான் தன் மதியச் சாப்பாட்டில் பாதியை என் பக்கம் தள்ளினாள். அவளும் எங்கள் கட்டடம்தான், ஆறாம் மாடி.

அவளிடம் ஹொங்கொங்கிலிருந்து கொண்டுவந்த இலக்கணப் பயிற்சிப் புத்தகம் ஒன்று இருந்தது. பயிற்சிகள் ஆங்கிலத்தில், விளக்கம் முழுவதும் சீனத்தில். பின்னேரங்களில் கீழே லாண்ட்ரி அறைக்கு உடுப்புக் கூடையோடு போவோம். மெஷின் சுற்றி முடிய முக்கால் மணி. அதற்குள் ஒரு பாடம். அவள் சீன விளக்கத்தை வாசித்து, தெரிந்த நாலு ஆங்கிலச் சொல்லாலும் கையாலும் காலாலும் எனக்கு நடித்துக் காட்டுவாள். தபால்காரரை நாய் துரத்திய பந்தியை விளக்க, நிஜமாகவே என்னை அறையைச் சுற்றித் துரத்தினாள். பந்திக்குக் கீழே, “தபால்காரர் ஏன் பிந்தினார்?” என்று கேள்வி. பதில் எழுத இரண்டு பேருக்கும் மூச்சு இல்லை. அந்தச் சவர்க்கார வாசத்தை எங்கே முகர்ந்தாலும் எனக்கு இன்றைக்கும் அந்த அறைதான்.

நான் அவளுக்கு ‘ஓம்’ சொல்லிக்கொடுத்தேன். அவள் எனக்கு ‘ஹய்’ சொல்லிக்கொடுத்தாள். அதுவும் ஓம்தான். “நீ சாப்பிடேல்லையா?” என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டால் நான் “யெஸ்” என்பேன். உடனே ஒரு பிஸ்கட் தருவாள். இரண்டு பேரும் ஒரே மாதிரிப் பிழை விட்டதால் எங்களுக்குள் பிழையே இருக்கவில்லை.

மே மாதம் எனக்குச் சின்னம்மை வந்து இரண்டு கிழமை பள்ளிக்குப் போகவில்லை. சுகமாகி லாண்ட்ரி அறைக்குப் போன முதல் நாள், நாளைக்கு வன்கூவருக்குப் போகிறோம் என்றாள் விங்யான். ஒரு மாதமாகவே அவளுக்குத் தெரியும். என்னிடம் சொல்ல மனம் வரவில்லையாம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், எனக்குச் சரியான கோபம்.

மெஷின் நின்றது. அவள் என் கையைப் பிடித்து, “நீ என்னோடு கோபமில்லையா?” என்று கேட்டாள்.

அவள் குரலைக் கேட்டதும் என் கோபம் எங்கே போனதோ தெரியாது. “யெஸ்” என்றேன். ஓம், கோபமில்லை.

அவள் முகம் விழுந்துவிட்டது. “கோபமில்லையா?” என்று திரும்பக் கேட்டாள். நான் இன்னும் அழுத்தி, தலையையும் ஆட்டி, “யெஸ்! யெஸ்!” என்றேன். அவள் புத்தகத்தை மெஷினின் மேல் வைத்துவிட்டு ஈர உடுப்போடு படியேறிப் போய்விட்டாள். உள்ளதைச் சொல்லியும் ஏன் போகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் டீச்சர், நான் தவறவிட்ட பயிற்சித் தாள்களைத் தந்தா. ‘இல்லையா?’ என்று கேட்கும் கேள்விகளுக்கு எப்போது யெஸ், எப்போது நோ. ஏழாம் இடைவெளியை நிரப்பும்போது விளங்கியது. விங்யான் அந்தப் பாடத்தைப் படித்துவிட்டாள். நான் படிக்கவில்லை. என் ‘யெஸ்’ அவள் காதில் ‘ஓம், கோபம்தான்’ என்று விழுந்திருக்கிறது. தாளின் மேல் தலையை வைத்து அழுதேன். வயிற்றுவலி என்று என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவளுடைய விலாசம் ஒருவரிடமும் இல்லை.

இருபத்தெட்டு வருடம் அவள் என்னைக் கோபக்காரி என்றே நினைத்திருப்பாள். எத்தனையோ பேர் என்னை அப்படி நினைக்கிறார்கள், சரியாகத்தான் நினைக்கிறார்கள். அவள் மட்டும் நினைக்கக்கூடாது.

போன சனி வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்து மகள் துவாரகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குப் பதினாறு வயது, அரை மணித்தியாலத்தில் விங்யானை இணையத்தில் கண்டுபிடித்துவிட்டாள். வன்கூவரில் மருந்தாளராம். படத்தில் தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள், சிரிப்பு மாறவில்லை. துவாரகா மெசேஜ் போட்டாள். மூன்றாம் நாள் விங்யானின் போன் நம்பர் வந்தது.

“அம்மா, ஜஸ்ட் கோல் பண்ணுங்கோவன். வட் இஸ் த வேர்ஸ்ட்?”

எடுத்தேன். விங்யானின் ஆங்கிலம் வழுவழுவென்று ரேடியோவில் செய்தி வாசிப்பவரைப் போல இருந்தது. பிள்ளைகள், குளிர், வீட்டு விலை என்று பேசினோம். பிறகு அவள் மெதுவாக, “நிரூபா, அன்றைக்கு நீ என்னோடு கோபமில்லையா?” என்றாள்.

சரியான பதில் ‘நோ’. சனிக்குச் சனி அதைச் சொல்லித்தானே சம்பளம் வாங்குகிறேன்? ஆனால் வாய் வரவில்லை. அவள் இப்போது எந்தக் கணக்கில் கேட்கிறாள்? இன்னொரு தரம் பிழை விட்டால் நான் தாங்கமாட்டேன்.

“ஓம்” என்றேன். தமிழில்தான் சொன்னேன். “ஓம், விங்யான்.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“ஹய்,” என்றாள். “ஹய், ஹய்.”

போனை வைத்தபோது எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். துவாரகா பயந்துவிட்டாள்.

“அம்மா! அந்த அன்ரிக்கு இப்ப கோவம் இல்லையோ?”

“ஓம்.”

“வெயிற். ஓமெண்டா, கோவமோ?”