சுப்புத்தாய்க்காக நூற்றொரு சுற்று

எழுபத்தெட்டாம் வருஷம் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிய அன்று காலையில், கோமதிசங்கர் சங்கரன்கோவில் கோயில் வெளிப்பிரகாரத்தில் சுற்றத் தொடங்கினான். நூற்றொரு ஆடிச்சுற்று. நேர்ச்சை அவனுக்காக அல்ல, பெண்டாட்டி சுப்புத்தாய்க்காக. அவள் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

படுத்து நாலு மாதம் ஆகிறது. ஏழு மாதப் பிள்ளை மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டது. அதிலிருந்து அவளுக்குத் தலை பாரம், கைகால் உளைச்சல், சோறு இறங்கவில்லை. டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, "உடம்புல ஒரு கோளாறும் இல்ல, மனசுதான். படுக்க விடாம நடமாடச் சொல்லுங்க" என்றார். கோமதிசங்கர் காதில் மனசு என்றது மட்டும்தான் விழுந்தது. மனசுக்கு ஓய்வு வேண்டாமா? தண்ணீர் இறைக்க ஓர் ஆள், சமைக்க ஓர் ஆள் என்று வைத்தான். அம்மிப் பக்கம்கூட அவளை அண்ட விடவில்லை. நல்ல மனுஷன்தான். அவன் பாசமே அவளைப் பாயோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருந்தது, அது அவனுக்குத் தெரியவில்லை.

மாமனார் தங்கசாமி குருவிகுளத்தில் மளிகைக்கடை வைத்திருந்தார். போன வாரம் வந்து மகளைப் பார்த்துவிட்டு முடிவாகச் சொல்லிவிட்டார்.

"தபசன்னைக்கு வாரேன் மாப்ளே. பிள்ளைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருதேன். இதுக்கு மேல ஒம்ம நம்பி விட்டுட்டு இருக்க முடியாது."

போனால் திரும்பி வருவாளா என்று அவன் கேட்கவில்லை. கேட்கப் பயம். அந்தப் பயத்தில் நேர்ந்துகொண்டதுதான் இந்தச் சுற்று.

அவனுக்கு மேலநீலிதநல்லூர் யூனியன் ஆபீஸில் குமாஸ்தா வேலை. நாற்காலியும் பஸ் சீட்டும் தவிர அவன் உடம்பு வேறெதையும் அறியாது. தொந்தி, நெஞ்செரிச்சல், படுத்தால் உறக்கம் வராமல் புரளுகிற சீக்கு எல்லாம் முப்பத்திரண்டு வயதிலேயே சேர்ந்திருந்தன. ஆபீஸுக்குப் போகுமுன் ஐந்து சுற்று, வந்தபின் ஐந்து. மறந்துபோகாமல் இருக்க மடியில் நூற்றொரு புளியங்கொட்டை. சுற்றுக்கு ஒன்றாக வீசிக்கொண்டே நடந்தான்.

முதல் நாள் கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. மூன்றாம் நாள் வியர்வைகூடச் சுகமாக இருந்தது. ஐந்தாம் நாள் நெஞ்செரிச்சல் போன இடம் தெரியவில்லை. ஆபீஸில் யாரோ கேலி பேசியதற்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டான். சிரித்த கையோடு வெட்கம் பிடுங்கித் தின்றது. பெண்டாட்டி பாயில் கிடக்கிறாள், இவனல்லவா தேறிக்கொண்டு வருகிறான்! அம்மன் விலாசம் மாற்றிக் கொடுத்துவிட்டாளோ?

ஆறாம் நாள் விடியற்காலையில் அவன் எழுந்தபோது சுப்புத்தாய் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா கொறட்டை விட்டுத் தூங்குதீங்க" என்றாள். நாலு மாதத்தில் அவளாகப் பேசிய முதல் பேச்சு.

"ஒனக்காகத்தான் சுத்துதேன், சுப்பு."

"எனக்காகவா? நடக்குதது நீங்க. பசிச்சுச் சாப்பிடுதது நீங்க. தூங்குததும் நீங்கதான். நான் கூரையைப் பாத்துக்கிட்டே கெடக்கேன்." பாயில் எழுந்து உட்கார்ந்தாள். "எனக்கும் ஒரு நாள் அப்படித் தூங்கணும் போல இருக்கு."

அவள் கோபத்தைப் பார்த்ததும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டர் சொன்னதில் மிச்சப் பாதி அப்போதுதான் காதுக்கு வந்து சேர்ந்தது. மிச்சமிருந்த புளியங்கொட்டைகளை எடுத்து அவள் முந்தானையில் கொட்டினான்.

"அம்பது முடிச்சிட்டேன். இது அம்பத்தொண்ணு. நீ சுத்து, நான் கூட வாரேன்."

அன்று இரண்டு சுற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் ஐந்து. அடுத்த நாள் எட்டு, அன்றைக்குச் சாயங்காலம் இன்னொரு கரண்டி சோறு கேட்டாள். சுகமாகிவிட்டாள் என்று சொல்ல வரவில்லை. பிள்ளை நினைப்பு வந்தால் அழத்தான் செய்தாள். ஆனால் படுத்து அழவில்லை, நடந்துகொண்டே அழுதாள். பத்தாம் நாள் பன்னிரண்டு சுற்று முடித்துப் படுத்தவள் விடியும்வரை புரளவில்லை.

பதினோராம் நாள், தபசன்று காலையில் தங்கசாமி வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டில் விசாரித்துக்கொண்டு கோயிலுக்கு வந்தார். பிரகாரத்துக் கூட்டத்தில் மகள் முன்னால் வந்தாள், மருமகன் பின்னால் வந்தான். மகள் முகத்தில் கண்ணீரைப் பார்த்ததும் அவருக்கு ஆங்காரம் பொங்கியது.

"அழுவுத பிள்ளையை வெயில்ல நடக்க விட்டிருக்கீரே மாப்ளே! வா தாயி, ஒம்பது மணி பஸ்ஸுக்குப் போயிருவோம்" என்று அவள் கையைப் பிடித்தார்.

சுப்புத்தாய் நின்றுவிட்டாள். கோமதிசங்கர் அவள் முகத்தையே பார்த்தான்.

அவள் முந்தானை முடிச்சைத் தடவிப் பார்த்தாள். பிறகு அப்பாவின் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"இன்னும் பதினாலு கெடக்குப்பா. அந்த நெழல்ல இருங்க. முடிச்சிட்டு வீட்டுக்குப் போய் நானே சோறு பொங்குதேன், சாப்பிட்டுட்டு நீங்க போவலாம்."

சொல்லிவிட்டு நடந்தாள். தங்கசாமி தூணோரம் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். கோமதிசங்கர் ஓடித்தான் அவளை எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது.