நார்வேக்கு ஒரு பதில்

“தலகாணி எங்க தம்பி?”

மாலதி கட்டிலுக்கு அடியில் குனிந்தபடியே கேட்டாள். கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அமிர்தலிங்கம் படுத்திருந்தார். எழுபத்து நான்கு வயது. விடிகாலைத் தூக்கத்திலேயே, பக்கத்தில் படுத்திருந்தவளுக்குக்கூடத் தெரியாமல் போய்விட்டிருந்தார்.

“பாயோட சுருட்டிச் சுடுகாட்டுக்கு அனுப்பிட்டேன் அண்ணி,” என்றார் கொழுந்தன் நடராசன். “செத்தவங்க படுக்கை வீட்ல தங்கக்கூடாதுல்ல. கொளுத்திடச் சொல்லியிருக்கேன்.”

“அதுக்குள்ள ஒரு கடுதாசி இருக்கு.”

“தலகாணிக்குள்ள யாராவது கடுதாசி வைப்பாங்களா?”

“உங்க அண்ணன் வைப்பாரு.”

பதின்மூன்று வருடங்களுக்கு முன், செங்கல் சூளையில் கொத்தடிமைகளாக இருந்த எட்டுக் குடும்பங்களை அமிர்தலிங்கம் மீட்டார். சூளைக்காரர் கொடுத்த பொய்ப் புகாரில் நாற்பத்து மூன்று நாள் சிறையில் இருந்தார். ஜெனிவாவில் ஒரு மனித உரிமை அமைப்பு அவர் பெயரை ஊர் ஊராகச் சொன்னது. நார்வே, கனடா, ஜப்பான் என்று முகம் தெரியாதவர்களெல்லாம் சிறை முகவரிக்கு அஞ்சலட்டை போட்டார்கள். பத்து அட்டை வந்தபோது சிறை அதிகாரி சிரித்தார். நூறு வந்தபோது நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். நூற்றைம்பத்தாறில் ஜாமீன் கிடைத்தது.

பிற்பாடு அந்த அமைப்பு கொடுத்த விருது அலமாரியில் நிற்கிறது. அட்டைகளை மட்டும் அவர் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டார். மூன்று முறை சோதனைக்கு வந்த போலீஸ் பீரோவைக் கலைத்ததே தவிர, தலையணையைத் தொடவில்லை. மாதம் ஒன்றாகப் பதில் போட்டார். அவர் தமிழில் சொல்வார். பள்ளியில் ஆங்கிலம் எடுத்த மாலதி எழுதுவாள்.

“எல்லாத்துக்கும் ஒரே நாள்ல எழுதினா நோட்டீஸ் மாதிரி ஆயிடும் மாலு.”

பதில் போன அட்டைகள் டிரங்குப் பெட்டிக்கு மாறின. தலையணையில் மிச்சம் ஒன்றே ஒன்று, நார்வேயிலிருந்து வந்தது. முகவரியும் அதில் மட்டும்தான் இருந்தது.

வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்த செல்லதுரை பைக்கை எடுத்தான். சூளையிலிருந்து வெளியே வந்தபோது அவனுக்குப் பதினான்கு வயது. இப்போது சொந்த டிராக்டர் ஓட்டுகிறான்.

“பொம்பளைங்க சுடுகாட்டுக்குப் போகக்கூடாது அண்ணி,” என்று நடராசன் மறித்தார்.

“நான் பொணத்துக்குப் போகல தம்பி. தபாலுக்குப் போறேன்.”

செல்லதுரை சிரிப்பை அடக்கிக்கொண்டான். “ஏறுங்கம்மா.”

இருபுறமும் சம்பா நடவு முடிந்த வயல்கள். வாய்க்கால் மதகு தாண்டியதுமே புகை தெரிந்தது. மாலதி அவன் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

பாய் சாம்பலாகியிருந்தது. தலையணைமேல் ஒரு நாய் சுருண்டு படுத்திருந்தது. கொளுத்த வந்தவர் பக்கத்தில் குந்தியபடி பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

“நல்லா தூங்குது. எந்திரிக்கட்டும், அப்பறம் வச்சிக்கலாம்னு இருக்கேன்,” என்றார்.

செல்லதுரை நாயை மெதுவாக நகர்த்தினான். மாலதி உறைக்குள் கைவிட்டாள். அட்டை கதகதப்பாக வந்தது. நீலத் தண்ணீரில் ஒரு சிவப்புப் படகு. பின்பக்கம் ஒரே ஒரு கேள்வி: வெளியே வந்ததும் முதலில் என்ன சாப்பிடுவீர்கள்?

“இது நீ சொல்ல வேண்டிய பதிலு. அதான் கடைசியா வச்சிருக்கேன்,” என்று நேற்று ராத்திரி அவர் சொல்லியிருந்தார். “நாளைக்கு எழுதிருவோம்.”

பிற்பகலில் அவரை எடுத்துப் போனார்கள். பறைச் சத்தம் தெருமுனை தாண்டித் தேய்ந்தது. வீடு கழுவி, தலைமுழுகி, ஈரக் கூந்தலோடு மாலதி மேசை முன் உட்கார்ந்தாள். அவர் பேனாதான். ஆங்கிலத்தில் எழுதினாள்:

‘சோறும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும். அவர் வரும் பதற்றத்தில் நான் குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.’

முகவரியை எழுத்துக் கூட்டிப் பார்த்து எழுதினாள். மை காயும்வரை பறக்காமல் இருக்க, அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துக் கடிதத்தின் ஓரத்தில் வைத்தாள்.